கச்சேரி டிஸ்க்கில் என் முகம்

டிஸ்க் வந்த அன்று எங்கள் கோஹாமா மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் ஊர்ப் பெண் நாகி ஓரிகாசா டோக்கியோவில் பெரிய பாடகி. டிவியைப் போட்டால் அவள் முகம்தான். அந்த மாசி மாதக் குளிரில், அவள் படித்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கிலேயே கச்சேரி வைத்தாள். படுக்கையில் கிடப்பவர்களைத் தவிர ஊரே போனது. கம்பெனிக்காரர்கள் படம் பிடித்தார்கள். டிஸ்க்காக வரும் என்றார்கள். சங்கத் தலைவர் இவாபுச்சி, என்ன டிஸ்க், எதில் ஓடும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்கிவிட்டார்.

வந்தது அரிசி அப்பளம் அளவுக்கு ஒரு குட்டிச் சாமான். அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் ஓடு. இவாபுச்சி அதை டிவிடி பெட்டிக்குள் வைத்தார், மூடி மூடவில்லை. ஓடு என்பது மேலுறை என்று முடிவு கட்டிவிட்டார். கணவாய் மீன் கீறுகிற கத்தியை எடுத்து ஓட்டை உடைத்து உள்ளே இருந்த தகட்டை உருவிப் போட்டார். பெட்டி கொஞ்ச நேரம் முனகிவிட்டு வெளியே துப்பியது. தலைவரே உடைத்தார் என்றதும் மற்றவர்களுக்கு யோசனை எதற்கு? சாயங்காலத்துக்குள் பாதி ஊர் கத்தியும் கையுமாக உடைத்து முடித்திருந்தது. பெண்கள் பிடுங்கி ஒளித்து வைத்தவை மட்டும்தான் தப்பின.

"அது பசங்க கையில வச்சு விளையாடுற கேம் பெட்டியில மட்டும்தான் ஓடுமாம். அட்டையிலயே போட்டிருக்காம்" என்று கம்பெனிக்கு போன் போட்டுவிட்டு வந்து சொன்னார் இவாபுச்சி.

"அப்ப அட்டையைப் படிச்சிருக்கலாமே" என்றேன்.

"பாட்டு கேக்கறதுக்கு எவன் அட்டையைப் படிப்பான்?"

அந்தக் கேம் பெட்டி எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் இருந்தது. மருந்துக்கடை டோக்கியே வீடு. கல்லூரிக்கு மொரியோக்கா போன அவள் மகன் விட்டுப் போனது. டோக்கியே பள்ளிக்கூட நாளிலிருந்து என் தோழி. நான் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன், பெண்களுக்கு. என் பெயர் மிட்சுயோ. முடி வெட்ட வருகிறவர்கள் எல்லோரும் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும் என்று தொல்லை பண்ணியதால், ஒருநாள் மத்தியானம் அவள் அந்தப் பெட்டியை என் கடைக்குக் கொண்டுவந்தாள். நாற்காலியில் இவாபுச்சியின் மனைவி தலை முழுக்க முடி சுருட்டும் குச்சிகளோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் உள்ளங்கை அகலத் திரைக்குள் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

நன்றாகத்தான் இருந்தது. நாகி பாடினாள். எங்கள் துறைமுகத்தைக் காட்டினார்கள். இவாபுச்சி தப்புத் தப்பாகக் கைதட்டுவதைக் காட்டினார்கள், அவர் மனைவி சிரித்துக் குச்சி ஒன்று கழன்று விழுந்தது. பிறகு அந்த இடம் வந்தது. கச்சேரியின் நடுவில் நாகி பாட்டை நிறுத்திவிட்டுப் பேசிய இடம். அன்று அரங்கில் குண்டூசி விழுந்தால் கேட்கும்படி இருந்தது, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

"என்னை வளர்த்த அப்பாவும் அம்மாவும் இன்னைக்கு இல்ல. என்னைப் பெத்த அம்மா இந்த ஊர்லதான் இருக்காங்க. இப்ப இந்த அரங்கத்துலயும் இருக்காங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். நான் நல்லா இருக்கேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

சோபா நூடுல்ஸ் கடைக்காரத் தம்பதி அவளைத் தத்தெடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். செண்டாய் நகரத்தில் ஏதோ அநாதை விடுதியிலிருந்து கொண்டுவந்த குழந்தை என்று நினைத்திருந்தோம். அன்று அவள் அப்படிச் சொன்னதிலிருந்து ஊருக்கு வேறு பேச்சே இல்லை. யார், யார் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லி வாய் வலித்துப்போய் அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

டிஸ்க்கில், "அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்று அவள் சொல்லி முடித்ததும் திரை முழுக்க ஒரு முகம் வந்தது. மூக்கு ஒழுக, உதடு கோணி, தேம்பித் தேம்பி அழுகிற முகம்.

என் முகம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. பக்கத்தில் டோக்கியே நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். என் மேல் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தேன். இவாபுச்சியின் மனைவி திரையைப் பார்த்தாள், கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அடுப்புல சோறு வச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் குச்சிகளோடு எழுந்து போனாள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கச்சேரி அன்று மத்தியானமே கம்பெனி ஆட்கள், சீக்கிரம் வந்தவர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடையில் நாகி இல்லை, ஒரு ஏணிதான் நின்றது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் ஏணியில் நின்றுகொண்டு சொன்னான். கைதட்டுங்க. தட்டினோம். சிரிங்க. சிரித்தோம். இப்ப அழுங்க, ஏதாவது சோகமானதை நினைச்சுக்குங்க. மற்றவர்கள் எல்லாம் கூச்சப்பட்டு நெளிந்தார்கள். நான் ஒருத்திதான் கிறுக்கி மாதிரி அவன் சொன்னதைக் கேட்டேன். இலையுதிர் காலத்தில் செத்துப்போன எங்கள் நாய் கோமாவை நினைத்தேன். கடைசி நாளில்கூட வாலை ஆட்டியது. அவ்வளவுதான், அணை உடைந்தது. மஞ்சள் சட்டைக்காரன் ரொம்ப சந்தோஷப்பட்டான். இப்படித் தனியாக எடுத்து எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டிக்கொள்வதுதான் அவர்கள் தொழில் முறையாம். எனக்கு எப்படித் தெரியும்?

அன்று என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் சாட்சி சொல்வார்கள் என்று நம்பினேன். சொல்லத்தான் செய்தார்கள்.

"கச்சேரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அழுதாளே. அவளுக்கு மட்டும் முன்னாலயே தெரிஞ்சிருக்கு."

போதாக்குறைக்குக் காலக்கணக்கும் பொருந்தித் தொலைத்தது. நாகி பிறந்த வருஷம் நான் செண்டாயில் இருந்தேன், முடிதிருத்தும் தொழில் படித்துக்கொண்டு. டோக்கியேவும்தான் அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தாள். ஆனால் அவள் நுரையீரல் கெட்டுப்போய் மலையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள் என்று ஊருக்கே தெரியும். மிச்சம் இருந்தது நான்தான்.

யாராவது வந்து மூஞ்சிக்கு நேரே கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கொடுத்திருப்பேன். எங்கள் ஊரில் அப்படிச் செய்ய மாட்டார்கள். அன்பாக நடந்துகொள்வார்கள். தலைக்கு வருகிறவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள். காய்ந்த கணவாய், கடற்பாசி, முள்ளங்கி ஊறுகாய் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"இனிமே நீ தனியா சுமக்க வேண்டாம்" என்றாள் இவாபுச்சியின் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு.

"நான் நாய்க்கு அழுதேன்."

"ஆமா. நாய்க்குத்தான்" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

கம்பெனிக்கு போன் போட்டேன். பார்வையாளர் முகங்களை உணர்ச்சிக்காகச் சேர்ப்பது வழக்கம், மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று ஒரு பையன் ஒப்பித்தான். இரண்டு நாளில் ஒரு பெட்டி இனிப்பு வந்தது. கோபத்தில் அதை நானே தின்று தீர்த்தேன்.

ஊரை விடுங்கள். எனக்குப் பெரிய கவலை என் வீட்டுக்காரர் ஷிகெஜிதான். அவர் கணவாய்ப் படகில் போகிறவர். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அவர் படகிலும் யாரோ அப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். காலையில் வந்து குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். மறுநாளும் அப்படியே. கேட்டால் சொல்லலாம். கேட்காத மனுஷனிடம் எப்படிச் சொல்வது? ஒருநாள் நானே ஆரம்பித்தேன்.

"அந்த டிஸ்க்கைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அது வந்து, உண்மையில நான்..."

"சொல்ல வேண்டாம் விடு" என்று மிசோ சூப்பைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளை பெற்று மறைத்தவள் என்று இந்த மனுஷன் நம்பிவிட்டார். இந்த வயதில் என்னைத் தள்ளி வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று கடல் சரியில்லை என்று படகுகளும் போகவில்லை. ஷிகெஜி சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். திரையை இழுத்துவிட்டுத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்கதவைத் தட்டினார்கள். முகக்கவசம், தொப்பி, கையில் துணியில் கட்டிய பெட்டி. தொப்பியை எடுத்தாள். நாகி.

உட்காரச் சொல்வதற்குள் தரையில் மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்கினாள்.

"மன்னிச்சிருங்க, அத்தை. ஊர்ல இப்படி ஆகிப்போச்சுன்னு நேத்துதான் கேள்விப்பட்டேன்."

"எழுந்திரு. நீ என்ன பண்ணுவ, கம்பெனிக்காரன் ஒட்டினதுக்கு" என்றேன். அடுத்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாவம், அவளும் நான்தான் என்று நம்பி வந்திருப்பாளோ? "இங்க பாரு நாகி, உன்னைப் பெத்தது நான் இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"என்னை வளர்த்த அம்மா சாகறதுக்கு முன்னாடி, பெத்தவங்க பேரைச் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு தடவை அவங்க காதுல விழணும்னுதான் மேடையில அப்படிச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து கேமராக்காரர் அவங்க முகத்தையே பிடிச்சிருக்கார். வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே உறைஞ்சு போயிருந்தாங்க. பார்க்கற யாருக்கும் தெரிஞ்சிடும். அவங்க வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. அதனால எடுத்துடுங்கன்னு சொன்னேன்."

"சரி."

"அந்த இடத்துல ஒரு முகம் வேணும்னாங்க. பக்கத்துல இருந்தவங்க அழுதது இருக்கு, வைக்கலாமான்னு கேட்டாங்க. பார்த்தேன். உங்களை அடையாளம் தெரிஞ்சுது. எனக்கு முதல்முதலா முடி வெட்டிவிட்டது நீங்கதான். தெரிஞ்சேதான் சரின்னு சொன்னேன்."

என் கை மடிப்பிலேயே நின்றுவிட்டது. கம்பெனிக்காரனின் அசட்டுத்தனம் என்றல்லவா இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி ஒட்டியது அவன். ஒட்டச் சொன்னது இவள். பெற்றவளை மறைக்க வேண்டியிருந்தது, அதற்கு என் முகத்தை எடுத்துப் போர்த்தியிருக்கிறாள்.

"அவங்களுக்கு வீட்டுக்காரர் இருக்கார், சரி. எனக்கு இல்லையா?"

அவள் மறுபடி நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பக்கத்தில் இருந்தவர் என்றாளே. நான் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் நடைபாதை, அதில் மண்ணெண்ணெய் அடுப்பு. மறுபக்கம் ஒரே ஒருத்திதான். மலை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவளுக்கு என் உதவித்தொகையில் ஆரஞ்சு வாங்கி அனுப்பினேன், பார்க்க வர வேண்டாம், தொற்றிக்கொள்ளும் என்று பதில் வந்தது. அந்த ஆஸ்பத்திரி எதற்கு, டிஸ்க் பார்த்த அன்று அந்தப் பெருமூச்சு எதற்கு என்று எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இறங்கியது. என் டோக்கியே. ஊரே என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னபோது, அவளும் ஊறுகாய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே வந்து சொல்றேன். அவர்கிட்ட மட்டும்" என்றாள் நாகி.

"என் வீட்டுக்காரர்கிட்ட சொல்ல எனக்கு வாய் இருக்கு. நீ கிளம்பு."

போனாள். பெட்டியில் முலாம்பழம் இருந்தது. அதைத் தூக்கிப் போட வேண்டும் போல இருந்தது. விலை உயர்ந்த பழம், போடவில்லை.

இருட்டுவதற்கு முன் ஷிகெஜி வந்தார். காகிதத்தில் சுற்றிய எதையோ மேஜைமேல் வைத்துப் பிரித்தார். ஒரு சோற்றுக் கிண்ணம். வெள்ளையில் நீல அலை போட்டது, பெண்கள் கைக்கு அடங்குகிற அளவு. எங்கள் வீட்டில் கிண்ணங்கள் இரண்டுதான் உண்டு, அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று. ஒருவர் கிண்ணத்தில் மற்றவர் சாப்பிட மாட்டோம்.

"யாருக்கு?"

"பொண்ணு வந்தா எதுல சாப்பிடுவா?" என்றார். காது மடல் வரை சிவந்துபோயிருந்தார். "நான் யோசிச்சுப் பார்த்தேன், மிட்சுயோ. இத்தனை வருஷம் மனசுல வச்சிக்கிட்டு நீ எவ்வளவு கஷ்டப்பட்டிருப்ப. உன் பொண்ணுன்னா எனக்கும் பொண்ணுதான். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன்."

கோபம் என்று நான் நினைத்தது கூச்சம். என்னைத் தள்ளி வைப்பார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது, இந்த மனுஷன் கடை கடையாக ஏறிக் கிண்ணம் பார்த்திருக்கிறார். அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனதில் பொய்யை வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு வராது.

"அவ என் பொண்ணு இல்லங்க. சத்தியமா இல்ல. நாய்க்குத்தான் அழுதேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பிவிட்டார் என்பது தெரிந்தது. அவர் நம்பியதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. கிண்ணத்தை ஒருதரம் திருப்பி வைத்தார்.

"படகுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றார்.

வாசலில் குரல் கேட்டது. நல்ல காரியம் என்றால் சங்கத்துப் பெண்கள் செம்பயறு போட்ட சிவப்புச் சோறு சமைத்துக் கொடுப்பார்கள், தெருவுக்கு ஒருத்தி முறை வைத்து. ஷிகெஜி படகில் சொன்னது சங்கத்துக்குப் போய், சங்கம் முறைக்காரிக்குச் சொல்லிவிட்டது. இந்த வருஷம் எங்கள் தெருவில் முறை யாருடையது என்பது கதவைத் திறக்கும்வரை எனக்கு நினைவு வரவில்லை. அரக்குப் பெட்டியைத் துணியில் கட்டி ஏந்திக்கொண்டு டோக்கியே நின்றாள்.

"சங்கத்துல கொடுக்கச் சொன்னாங்க" என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஊர் கேட்கக் கத்தியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும், என் பெயர் சுத்தமாகிவிடும், அவள் பெயர் கிழிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

"எங்கிட்ட எதுக்குடி? உள்ள வந்து அவர் கையில கொடு."

வந்தாள். ஷிகெஜியின் முன்னால் மண்டியிட்டுப் பெட்டியை வைத்தாள். "உங்க வீட்டுக்கு மகள் கிடைச்சதுக்கு..." என்று ஆரம்பித்துக் குனிந்தவள், சொல்லி முடிக்கவில்லை. நெற்றி பாயில் இருந்தது, எழவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நாயை நினைத்து அழுத அழுகை இல்லை இது.

ஷிகெஜி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதிகம் பேசாதவர், மந்தபுத்திக்காரர் இல்லை. கிண்ணத்தை எடுத்துக் காகிதத்தில் திரும்பச் சுற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவளுக்குன்னு வாங்கினது. எடுத்துட்டுப் போங்க."

டோக்கியே தலையைத் தூக்கிக் காகிதத்தை விலக்கிப் பார்த்தாள். அந்த நீல அலையை விரலால் தொட்டாள். என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல இதை வைக்க இடம் இல்ல, அண்ணா. இங்கயே இருக்கட்டும்."

கிண்ணம் இங்கே இருந்தால் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும். இந்த ஊரில் சாகும்வரை நான்தான் நாகியைப் பெற்று விட்டுவிட்டவள். ஷிகெஜி என்னைப் பார்த்து, இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"இருக்கட்டுமா?"

என் கோபம் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. டோக்கியேவை நான் மன்னிக்கவும் இல்லை. ஆனால் அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டுவிட்டேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அலமாரியில் அவர் கிண்ணத்துக்கும் என் கிண்ணத்துக்கும் நடுவில் அதை வைத்தேன்.